54 வயதில் ஓர் இரவு ரயில்

கேள்வி: நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். வயது 54. சர்வீஸ் 28 வருடம். அதே பாடம், அதே கரும்பலகை. போன மாதம் ‘லிஸ்பனுக்கு இரவு ரயில்’ படம் பார்த்தேன். அப்புறம் அந்தப் படத்துக்கு மூலமான ஜெர்மன் நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்கிப் பாதிவரை படித்துவிட்டேன். என்னைப் போலவே ஓர் ஆசிரியர், ஒருநாள் காலையில் வகுப்பை விட்டு எழுந்து போய் ரயில் ஏறிப் புது மனிதராகிவிடுகிறார். எனக்கும் அப்படிப் போய்விட வேண்டும்போல் இருக்கிறது. விருப்ப ஓய்வு விண்ணப்பம் மேசையில் கிடக்கிறது. மனைவியிடம் சொன்னால், “தாராளமா போங்க, போறதுக்கு முன்னாடி கேஸ் புக் பண்ணிட்டுப் போங்க” என்கிறாள். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். போகலாமா?
— பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: வாத்தியார் சார், உங்கள் கடிதம் நாலு பக்கம். இடமில்லாததால் சுருக்கிப் போட்டிருக்கிறேன். மூன்றாம் பக்கத்து ஓரத்தில் வேறு மையில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

அந்த ஆசிரியரின் பெயர் கிரெகோரியுஸ். நீங்கள் மனதில் வைத்திருப்பது, 2013இல் வந்த படத்தில் அவராக நடித்த ஜெரமி ஐயன்ஸை என்று நினைக்கிறேன். படத்தில் கண் டாக்டரம்மாவோடு மெல்லிய ஒரு காதல் வருகிறது. கடைசியில் ரயில் நிலையத்தில், இங்கேயே இருந்துவிடக் கூடாதா என்று அந்த அம்மா கேட்கிறார். நாவலில் அந்தக் காதலும் இல்லை, அந்தக் கேள்வியும் இல்லை. கதை முடிவது பெர்னில், ஓர் ஆஸ்பத்திரி வாசலில். முடிவைச் சொல்லிவிட்டேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். விருப்ப ஓய்வு விண்ணப்பம் மேசையில் கிடக்கும்போது சஸ்பென்ஸைக் காப்பாற்றிக்கொண்டிருக்க முடியாது.

ஆரம்பத்தை இன்னொரு முறை படியுங்கள். ரைமுண்ட் கிரெகோரியுஸ், 57 வயது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில், தான் படித்த அதே பள்ளிக்கூடத்தில் லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு சொல்லித்தருகிறவர். மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘முண்டுஸ்’. லத்தீனில் உலகம் என்று அர்த்தம். அந்த ‘உலகம்’ தினமும் காலை எட்டு மணிக்குக் கால் மணி நேரம் முன்னால் கிர்ச்சன்ஃபெல்ட் பாலத்தில் கால் வைக்கும். ஒருநாள் கொட்டும் மழையில், பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்தபடி ஒரு பெண் கடிதம் படித்துக்கொண்டிருக்கிறாள். குதித்துவிடுவாளோ என்று பயந்து ஓடுகிறார். கைப்பை விழுந்து மாணவர்களின் நோட்டுகள் ஈரத் தரையில் சிதறுகின்றன. மறந்துவிடக் கூடாது என்று அந்தப் பெண் ஒரு போன் நம்பரை அவருடைய நெற்றியிலேயே பேனாவால் எழுதுகிறாள். தாய்மொழி என்னவென்று கேட்டால் ‘புர்த்துகேஷ்’ என்கிறாள், போர்ச்சுகல்காரர்களின் உச்சரிப்பில். அந்த ஒரு சொல்லின் ஓசையில் மனுஷர் விழுந்துவிடுகிறார். புத்தகங்களை மேசைமேலேயே வைத்துவிட்டு வகுப்பிலிருந்து வெளியேறுவது அன்றைக்குத்தான்.

உங்களைப் பிடித்துக்கொண்டது இந்த இடம்தான். ஆனால் இவருக்கு வீட்டில் காத்திருக்க ஆள் கிடையாது. விவாகரத்தாகிப் பல வருடம். பிள்ளைகள் இல்லை. கல்லூரிக் கட்டணம் இல்லை, கேஸ் சிலிண்டரும் இல்லை. ஒற்றை ஆளுக்கு சுவிஸ் பள்ளிச் சம்பளம். அப்படியிருந்தும் தலைமையாசிரியருக்கு, ரோமப் பேரரசரும் தத்துவவாதியுமான மார்க்கஸ் அரேலியஸின் வரிகளை மேற்கோள் காட்டி ஒரு கடிதம் எழுதுகிறார். விடுப்பு விண்ணப்பத்தில் மார்க்கஸ் அரேலியஸை எழுதினால் உங்கள் தலைமையாசிரியர் என்ன சொல்வாரோ, எனக்குத் தெரியாது!

எழுதியவரையும் கொஞ்சம் பார்ப்போம். பாஸ்கல் மெர்சியே என்பது புனைபெயர். பெர்னில் 1944இல் பிறந்த பீட்டர் பியரிதான் ஆள். பெர்லினில் தத்துவப் பேராசிரியர். 2004இல் வந்த இது அவருடைய மூன்றாவது நாவல். பேராசிரியர் பதவியை அவரும் காலம் முடியும் முன்பே விட்டார். ஆனால் அது 2007இல், நாவல் வந்து மூன்று வருடம் கழித்து, 63 வயதில். தன் கதாநாயகனைச் சட்டென்று ரயிலேற்றியவர், தான் மட்டும் நிதானமாகத்தான் இறங்கினார். 2023இல் காலமானார். தத்துவப் பேராசிரியர் என்பதால் போகிற போக்கில் பக்கம் பக்கமாக யோசிப்பார். நானும் இரண்டு தடவை பாதியில் மூடி வைத்தவள்தான். ஆகவே நீங்கள் பாதியில் நின்றதில் குற்றம் ஒன்றுமில்லை. விண்ணப்பத்தைப் பாதி நாவலை நம்பி எழுதியதில்தான் எனக்கு வருத்தம்.

சரி, மீதிப் பாதியில் என்ன நடக்கிறது?

பெர்னில் ஒரு ஸ்பானியப் புத்தகக் கடையில் அவர் கையில் கிடைத்தது, அமதேயு டி பிராடோ என்ற போர்த்துகீசிய டாக்டர் எழுதிய குறிப்புகள். நமக்குள் இருப்பதில் ஒரு சிறு பகுதியைத்தான் வாழ முடிகிறது என்றால், மிச்சம் என்ன ஆகிறது என்று அதில் ஓர் இடத்தில் கேட்கிறார் பிராடோ. நீங்களும் உங்கள் கடிதத்தில் அதைத்தான் அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு லிஸ்பனுக்கு வந்தவருக்கு முதலில் உடைவது மூக்குக்கண்ணாடி. கிட்டப்பார்வைக்காரர், தடித்த பழைய கண்ணாடி. ரோலர் ஸ்கேட்டில் வந்த ஒருவன் இடித்துவிட்டுப் போகிறான். மரியானா எசா என்ற கண் டாக்டர் பொறுமையாகச் சோதித்துப் புதுக் கண்ணாடிக்கு எழுதித் தருகிறார். எடை குறைவு, பார்வை துல்லியம். சந்தோஷப்பட வேண்டியவர் தடுமாறிப்போகிறார். எல்லாம் கிட்டே வந்து முகத்தில் இடிக்கிற மாதிரி ஒரு திணறல். பழைய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்கிறார். அப்புறம் மறுபடி புதியது. நாவல் நெடுக இந்த மாற்றி மாற்றி மாட்டுதல் நடக்கிறது. வகுப்பை விட்டு வெளியேறும் பக்கத்தைவிட எனக்குப் பிடித்தது இதுதான். 57 வருடமாக மங்கலாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெளிவு என்பதே ஒரு தொந்தரவு.

இன்னொன்று. பிராடோவின் தங்கை அட்ரியானா, அண்ணன் வைத்தியம் பார்த்த வீட்டை அப்படியே பூட்டிப் பாதுகாத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அண்ணன் இறந்தது 1973இல். அடுத்த வருடம் ஏப்ரலில் புரட்சி வந்து போர்ச்சுகலின் சர்வாதிகார ஆட்சியே கவிழ்ந்துவிட்டது. அந்த வீட்டுக்குள் எதுவும் கவிழவில்லை. கடிகாரம் 6.23இல் நிற்கிறது, அண்ணன் செத்த நேரம். அவனைப் பற்றி நிகழ்காலத்தில்தான் பேசுவாள். பெண்டுலத்தை மறுபடி ஓடவிடுவது கிரெகோரியுஸ்தான். சொந்த வாழ்க்கையை மாற்றிக்கொள்ள வந்தவர், ஊர் பேர் தெரியாத ஒரு கிழவியின் கடிகாரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறார்.

அப்புறம் ஜோவாவ் எசா. அந்தக் கண் டாக்டரின் குடும்பத்துப் பெரியவர்களில் ஒருவர். சர்வாதிகார ஆட்சியை எதிர்த்ததற்காக ரகசியப் போலீஸின் சித்திரவதைக்கு ஆளாகிக் கைகள் நடுங்குகிற மனிதர், முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அவரோடு ஞாயிற்றுக்கிழமை செஸ் ஆடப் போகிறார் நம்ம ஆள். அதிகம் பேச்சில்லை. வகுப்பில் பாடம் நடத்தியவர், இங்கே உட்கார்ந்து காது கொடுக்கிறார். அவரிடம் ஏதாவது மாறியது என்றால் இந்த இடத்தில்தான் மாறியது என்பேன். இதற்கு லிஸ்பன் கட்டாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். அவருக்குத் தேவைப்பட்டது, போனார்.

நடுவில் ஒரு தடவை பயந்துபோய் விமானம் பிடித்து பெர்னுக்கே திரும்பிவிடுகிறார் என்பதும் உங்கள் பாதிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பழகிய ஊர் ஒட்டவில்லை. மறுபடியும் லிஸ்பன். கடைசியில் தலைச்சுற்றல் அதிகமாகி, சோதனை செய்துகொள்ள பெர்னுக்கு வந்துசேர்கிறார். ராத்தூக்கம் வராதபோதெல்லாம் போனில் பேசுகிற பழைய சிநேகிதர், கிரேக்கக் கண் டாக்டர் டாக்சியாடிஸ், காரில் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் விடுகிறார். என்ன வியாதி, பிழைப்பாரா, மறுபடி வகுப்புக்குப் போவாரா, எதையும் நாவல் சொல்வதில்லை. புது மனிதராகிவிட்டார் என்று நீங்கள் எழுதியது படத்தின் போஸ்டரைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

இப்போது அந்த ஓரத்து வரிக்கு வருகிறேன். “24 வயதில் ஷில்லாங்கில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது, அப்பா வேண்டாம் என்றார்” என்று எழுதி, பாதி அடித்தும் விட்டிருக்கிறீர்கள். கிரெகோரியுஸுக்கும் இப்படி ஒரு ஊர் உண்டு. இளவயதில் ஈரானின் இஸ்ஃபஹான் நகரத்தில் வீட்டு வாத்தியார் வேலைக்குப் போகிற யோசனை இருந்தது. அனல் தூசி கண்ணை அவித்துவிடுமோ என்ற பயத்தில் போகவில்லை. அதை நாற்பது வருடம் யாரிடமும் பெரிதாகச் சொன்னதில்லை. லிஸ்பனில், பிராடோ படித்த பாழடைந்த பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் அறைச் சுவரில் இஸ்ஃபஹான் படங்களை ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கிழவர் கோமாளி மாதிரித் தெரிந்தாலும் அந்தக் காட்சியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாவல் முடிகிறவரை இஸ்ஃபஹானுக்கு அவர் போவதில்லை.

உங்கள் விஷயத்தில் எனக்கு அலுப்பு ஒரு பக்கமும் ஷில்லாங் ஒரு பக்கமுமாகத் தெரிகிறது. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் போட்டிருக்கிறீர்கள். கணக்கு வாத்தியாருக்கு நான் சொல்லத் தேவையில்லை, தெரியாதது இரண்டு என்றால் ஒரு சமன்பாடு போதாது. அலுப்புக்கு என்ன செய்வது என்று விடுமுறை முடிந்து வந்த பிறகு யோசிக்கலாம். ஓய்வுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. மகள் படிப்பு முடிய இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்துக்கு விண்ணப்பத்தை பீரோவில் வையுங்கள், கிழிக்க வேண்டாம்.

ஷில்லாங்குக்கு இந்த மே மாதமே போய்விட்டு வாருங்கள். ரயில் அந்த ஊர்வரை போகாது, குவஹாத்தியில் இறங்கி மலைமேல் சுமார் 100 கிலோமீட்டர் காரிலோ பஸ்ஸிலோ போக வேண்டும். சென்னையிலிருந்து இரண்டு ராத்திரிக்குக் குறையாத ரயில் பயணம். இரவு ரயில்தான், உங்கள் ஆசைப்படி. அந்தப் பள்ளிக்கூடம் இன்னும் இருந்தால் வாசலில் போய் நில்லுங்கள். உள்ளே போகத் தோன்றினால் போங்கள், தோன்றாவிட்டால் எதிரே ஒரு டீக்கடையில் உட்காருங்கள். உங்கள் வீட்டம்மாவையும் வருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். கிண்டல் பண்ணுகிறவர்களுக்குத்தான் பல சமயம் கூட வர ஆசை இருக்கும். கடிதம் முழுக்க அவரை ஒரு வரிதான் பேசவிட்டிருக்கிறீர்கள், அந்த ஒரு வரியே எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

நாவலின் மீதியை ரயிலில் படியுங்கள். ஷில்லாங்கில் மே மாதத்திலேயே மழை பிடித்துவிடும், குடை வேண்டும். கேஸ் புக் பண்ணிவிட்டுக் கிளம்புங்கள்.