இதயத்துக்குத் துடிப்பூட்டும் பேஸ்மேக்கர் கருவியை வைக்கச் சொல்கிறார்கள். அரிசிமணி அளவுக் கருவி வரும்வரை பொறுத்திருக்கலாமா?

பொறுத்திருக்க வேண்டாம். தாய்க்கோ தந்தைக்கோதான் கேட்கிறீர்கள் என்று எண்ணிக்கொள்கிறேன். 2025இல் இதே கேள்விக்கு எனக்கு நானே தவறான பதிலைச் சொல்லிக்கொண்டவன் என்பதால் எழுதுகிறேன். மருத்துவன் அல்லன், இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன்.

கொழுந்து மலையில் அம்மாவுக்கு அடிக்கடி தலைசுற்றும். "காலையில ரொட்டி திங்கல, அதான்" என்று கங்காணியிடம் சமாளித்துவிடுவார். கண்டியில் ஈசிஜி எடுத்தபோதுதான், இதயத்தின் மேலறையில் எழும் மின்துடிப்புகளில் பல கீழறைக்குப் போய்ச் சேராமலே நின்றுவிடுவது தெரிந்தது. நாடி நிமிடத்துக்கு 38. பேஸ்மேக்கர் வைக்கத் திகதியும் கொடுத்தார்கள். அந்த வாரத்தில், ஊசியால் செலுத்தக்கூடிய, அரிசிமணியை விடச் சிறிய பேஸ்மேக்கரை அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய செய்தியை வாசித்தேன். வழக்கமான கருவிக்காகக் காறை எலும்புக்குக் கீழே கீறி, நாளத்துக்குள் கம்பி விடுவானேன் என்று திகதியைத் தவறவிட்டவன் நானே.

செய்தியின் பிற்பாதியை நான் வாசிக்கவில்லை. இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின், முக்கியமாகப் பிறவிக் குறைபாடுள்ள சிசுக்களுக்கு, சில நாட்கள் மட்டும் துடிப்பூட்டிவிட்டு உடலுக்குள்ளேயே கரைந்துபோவதற்காகச் செய்யப்பட்ட கருவி அது. விலங்குகளிலும் தானமாகக் கிடைத்த மனித இதயங்களிலுமே சோதித்திருந்தார்கள். ஆயுள் முழுவதும் துணை வேண்டிய அம்மாவுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. தொடை நாளத்தின் வழியே இதயத்துக்குள் கொண்டுபோய் வைக்கும் கம்பியில்லாத நிரந்தரக் கருவி வேறு. அதற்கு அமெரிக்காவில் 2016இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. அது உங்களவருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள், ஆனால் கொடுத்த திகதியை விடாமல் கேளுங்கள்.

மூன்றாவது வாரம், கவ்வாத்து வெட்டிய மலையைக் கடந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குச் சுமை தூக்கி வந்த அம்மா, நின்ற நிலையிலேயே சரிந்தார். வெட்டிய தேயிலைக் கட்டை புருவத்தைக் கிழித்தது. நான் போய்ச் சேர்ந்தபோது, இரத்தம் ஊறிய படங்குச் சாக்கை அவிழ்க்க விடாமல், கொழுந்தை எடை போட்டாயிற்றா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாளே கருவி வைத்தார்கள். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து முடித்த வேலை, அரச மருத்துவமனை என்பதால் கட்டணமும் இல்லை. பழைய கருவி என்று நான் இகழ்ந்த அதன் கதையைப் பிறகுதான் தேடி வாசித்தேன். 1958இல் ஸ்டொக்ஹோமில் ஆர்னே லார்சன் என்ற நோயாளியின் உடலுக்குள் வைத்த முதல் பேஸ்மேக்கர், சப்பாத்துப் பொலிஷ் டின்னை அச்சாக வைத்து வார்த்தது. சில மணி நேரத்தில் நின்றும் போனது. அவரோ மொத்தம் 26 கருவிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார். நல்லது வரட்டும் என்று 1958இல் இருந்திருந்தால் அவர் இரண்டாவதைக்கூடக் கண்டிருக்கமாட்டார்.

தோட்டத்து ஆளுக்குப் பழையதே போதும் என்கிறாயா என்று யாராவது கோபிக்கக்கூடும். அப்படிச் சொல்லவில்லை, புதியது அம்மாவுக்கும் வரவேண்டும், அவர் உயிரோடு இருக்கும்போது வரவேண்டும்.

இன்னொன்று. கருவி விபர அட்டையை ஆங்கிலத்தில் தந்தார்கள், இடக்கையை சில வாரம் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது என்பதைச் சிங்களத்தில் சொன்னார்கள், அம்மாவோ இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு வந்து மறுநாளே லயத்துக் கொடியில் துணி காயப்போட்டார். அட்டையின் பின்புறம் "நெஞ்சில் பேஸ்மேக்கர் உண்டு, எம்ஆர்ஐ எடுக்குமுன் சொல்லவும்" என்று தமிழில் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். வெற்றிலைப் பைக்குள் வைத்திருக்கிறார்; ஓரமெல்லாம் சுண்ணாம்பு.