பாட்டியின் கிராக்கோவுக்குப் போக நினைப்பவருக்கு

அம்மாவின் அம்மா போலந்தின் கிராக்கோவ் நகரத்து யூதர், உங்களுக்கு வயது 24, எபிரேயம் தெரியாது, கோடை விடுமுறையில் போய்த் தொண்டு செய்ய ஆசை, ஆனால் 'நான் யூதர்தானா' என்று கூச்சம் என்கிறீர்கள். கூச்சமே வேண்டாம். யூதச் சட்டப்படி தாய்வழிதான் கணக்கு. நீங்கள் யூதர்தான்.

முதலில் பாட்டியின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரையும் பிறந்த ஊரையும் அம்மாவிடம் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் ஆவணக் காப்பகத்தில் ஒன்றும் நகராது. ஜே.ஆர்.ஐ. போலந்து என்ற இணையத்தளத்தில் யூதக் குடும்பங்களின் பழைய பதிவுகளைத் தேடலாம். வார்சாவின் யூத வரலாற்று நிறுவனத்திலும் வம்சாவளி தேட உதவுவார்கள்.

அப்புறம் கிராக்கோவின் பழைய யூதக் குடியிருப்பான காசிமியேஷ் பகுதி. 2008-இல் திறந்த யூத சமூக மையம் அங்கே இருக்கிறது. தொண்டர்களில் யூதரல்லாதவர்களும் பலர். இப்போதே எழுதிக் கேளுங்கள். கல்லறைத் தோட்டம் துப்புரவாக்கும் பணி கிடைத்தால் விடாதீர்கள். செடிகளை வெட்டலாம், வேரோடு தோண்டக்கூடாது. அடக்கம் செய்தவர்களின் எலும்பு அசையக்கூடாது என்பது விதி. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள், அன்று வேலை கிடையாது.

18 முதல் 26 வயது யூத இளைஞர்களுக்கான 'பர்த்ரைட்' என்ற இலவச இஸ்ரேல் பயணத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். பாட்டியின் தெருவை முதலில் பாருங்கள்.