எல்டர்பெர்ரிப் போத்து துளிர்த்த பிறகு காய்ந்துபோவது ஏன்?

எல்டர்பெர்ரி (கொத்துக் கொத்தாகக் கருநிறச் சிறு பழம் தரும் புதர்ச்செடி) குச்சிகளை வெட்டித் தொட்டியில் நட்டேன், இரண்டு வாரத்தில் துளிர்த்தன, ஒரு மாதத்துக்குள் எல்லாம் கருகிவிட்டன, எங்கே தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். என் முதல் தொகுதிப் போத்துகளும், அதாவது நடுவதற்கு வெட்டிய குச்சிகளும், அப்படித்தான் போயின. அன்று பட்ட வருத்தம் இன்னும் நினைவிருக்கிறது.

துளிர் வந்தால் வேர் பிடித்துவிட்டது என்று நாம் நம்பிவிடுகிறோம். தவறு அங்கேதான். போன பருவத்தில் சேர்த்து வைத்த மாவுச்சத்து குச்சிக்குள் இருக்கிறது. அதைக் கொண்டே மொட்டு விரிந்துவிடும். வேர் வர ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகலாம். அதுவரை இலைகள் நீரை இழந்துகொண்டே இருக்கும், ஈடுகட்டக் கீழே வேர் இருக்காது. துளிரைப் பார்த்த மகிழ்ச்சியில் நேர் வெயிலுக்கு மாற்றுவது, உரம் போடுவது, வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்ப்பது, இந்த மூன்றும்தான் பெரும்பாலும் போத்தைக் கொல்கின்றன.

எப்போது வெட்டுவது? செடி இலையுதிர்த்து உறங்கும் காலத்தின் கடைசியில், மொட்டு வீங்கத் தொடங்குவதற்குச் சற்று முன். ஒரு வருடக் கிளையாக, பென்சில் பருமனில் பாருங்கள். எல்டர்பெர்ரியில் மொட்டுகள் எதிரெதிராக, இணை இணையாக இருக்கும். இரண்டு மூன்று கணுக்கள் வரும்படி, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டினால் போதும். அடிப்பக்கத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், மேல்பக்கத்தைக் கணுவுக்கு மேலே சாய்வாகவும் வெட்டுங்கள். அப்போதுதான் நடும்போது தலைகீழாகிவிடாது.

வெட்டிய முனையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக, தெர்மோகோல் போல மெத்தென்று ஒரு தக்கை இருக்கும். நகத்தால் அழுத்தினால் உள்ளே போகும். இந்தத் தக்கைதான் ஈரத்தை உறிஞ்சி அழுகலை உள்ளே இழுத்துவிடுகிறது. அதனால் மழுங்கிய கத்தரிக்கோலால் நசுக்கி வெட்டாதீர்கள். கூரான, சுத்தமான கத்தி வேண்டும். நுனிப்பக்கத்து மெலிந்த, பச்சைக் குச்சிகளில் தக்கையே அதிகம், மரம் குறைவு. அவற்றை ஒதுக்கிவிடுவேன்.

மண்ணைவிட மணலும் தென்னை நார்க்கழிவும் பாதிப் பாதி கலந்த கலவை நல்லது. ஒரு இணை மொட்டு மட்டும் வெளியே தெரியும்படி, மீதியைப் புதைத்துவிடுங்கள். கலவை பிழிந்த துணி மாதிரி ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. வேர் ஊக்கிப் பொடி இருந்தால் தொடலாம், இல்லாமலும் நன்றாகவே வரும். வெளிச்சமுள்ள நிழலில் வைத்துவிட்டு, அப்புறம் தொடாமல் இருங்கள். எனக்கு அதுதான் மிகக் கடினமாக இருந்தது.

தண்ணீர்ப் பாட்டிலில் வைத்தும் வேர்விட வைக்கலாம். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். முதலில் பட்டையில் வெள்ளையாகச் சின்னச் சின்னப் புடைப்புகள் எழும்பும், பிறகு அதே இடங்களில் வேர் நீளும். முதல் தடவை செய்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன், நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் நீரில் வளர்ந்த வேர் சட்டென்று ஒடியும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீண்டதுமே மெதுவாக மண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

மண்ணில் வைத்தவற்றுக்கு, இரண்டு மாதம் கழித்து ஒரு விரலால் இலேசாக இழுத்துப் பாருங்கள். பிடித்து நின்றால் வேர் இருக்கிறது. உரமும் கூடுதல் வெயிலும் அதன் பிறகுதான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. முதல் வருடம் பூ வந்தால் கிள்ளிவிடுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீடென்றால் ஒன்று கவனிக்க வேண்டும். இலை, தண்டு, பட்டை, பச்சைக்காய் எல்லாவற்றிலும் சயனைடை வெளிவிடும் பொருள் உண்டு. தக்கையை எடுத்துவிட்டு ஊதல் செய்து வாயில் வைக்க விடாதீர்கள். பழத்தையும் வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

இன்னொன்று, ஒரே தாய்ச்செடியில் எடுத்த போத்துகள் எல்லாம் மரபில் ஒரே செடிதான். பக்கத்தில் வேறு ரகம் ஒன்று இருந்தால் காய்ப்பு கூடும். அதனால் முடிந்தால் இரண்டு ரகங்களில் வெட்டி, தொட்டியில் ரகத்தின் பெயரை எழுதி வையுங்கள். இலை விட்ட பிறகு பார்த்து அடையாளம் கண்டுபிடிப்பது பெரிய பாடு.