கட்டடத்துக்குள் இருப்பிடம் கண்டறிவது தீர்ந்துபோன சிக்கலா?

‘கைப்பேசி வரைபடம் சாலையில் இவ்வளவு சரியாக வழிகாட்டும்போது, கட்டடத்துக்குள் இருப்பிடம் கண்டறியும் ஆராய்ச்சியில் இன்னும் செய்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வுத் தலைப்பைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றும், அது எப்போதோ முடிந்துபோன வேலை என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார் என்றும் ஊகிக்கிறேன். பல ஆண்டுகளாக இதே துறையில் சமிக்ஞைச் செயலாக்கத்தில் உழைத்துவருபவன் என்பதால், அந்தப் பேச்சைக் கேட்டால் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் சமிக்ஞை தரையைத் தொடும்போதே மிகவும் மெலிந்திருக்கும். கான்கிரீட் கூரைக்குக் கீழே அதை நம்ப முடியாது. அதனால்தான் வைஃபை, புளூடூத், மிகக் குறுகிய ரேடியோ துடிப்புகள் சென்றுசேரும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும் அல்ட்ரா வைட்பேண்ட் ஆகியவற்றை நாடுகிறோம். வைஃபை வலிமையை இடவாரியாக முன்கூட்டியே பதிந்துவைத்து ஒப்பிடும் முறையை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டார்கள். ஆனால் அறைக்குள் ஓர் அலமாரியை நகர்த்தினாலும், நாலு பேர் வந்து நின்றாலும் பழைய பதிவு பொருந்தாமல் போகிறது.

நான் பட்ட பாடு அல்ட்ரா வைட்பேண்டில். ஒரு மருத்துவமனையின் கருவிகள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் அமைப்பைச் சோதித்துக்கொண்டிருந்தோம். தரையில் ஒட்டிய நாடாவின்மேல் அல்ட்ரா வைட்பேண்ட் கருவி பொருத்திய முக்காலியை நிறுத்தி, சுவரிலிருந்த நிலைக்கருவி வரை அளவுநாடாவால் அளந்தபோது 6.2 மீட்டர் வந்தது. கருவியோ, விடாமல் 8.3 மீட்டர் என்றே காட்டியது. ஆயிரம் முறை அளந்து சராசரி எடுத்தேன், அதே 8.3. இடையில் ஓர் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. ஒரு நானோ விநாடியில் ஒளி செல்லும் தூரம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். கூடுதலாக வந்த 2.1 மீட்டருக்கு 7 நானோ விநாடி கணக்காகிறது. பெறப்பட்ட அலைவடிவத்தைத் திரையில் விரித்துப் பார்த்தபோது, பெரிய முகட்டுக்குச் சரியாக 7 நானோ விநாடி முன்னதாக, இரைச்சலிலிருந்து சற்றே தலைதூக்கிய ஒரு சிறு மேடு தெரிந்தது. நேர்வழியில் வந்த அலை அதுதான். எங்கள் நிரல் அதை விட்டுவிட்டு, எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பிய அலையைப் பிடித்திருந்தது.

நேர்வழி மறைந்தால் தூரம் கூடுதலாகவே தெரியும். இரைச்சலைப் போல இருபுறமும் சிதறாது. ஆகவே சராசரி எடுப்பதால் அந்தப் பிழை போகாது. அடுத்தடுத்த அளவீடுகளைச் சேர்த்து இருப்பிடத்தை மதிப்பிடும் கால்மன் வடிகட்டி என்ற கணக்கீட்டு முறையும், இருபுறமும் சிதறும் பிழையையே எதிர்பார்ப்பதால், அதை உண்மையென்றே எடுத்துக்கொள்ளும். சிறு மேட்டைப் பிடிக்க வாசலளவை, அதாவது எவ்வளவு உயர்ந்தால் அலை என்று நிரல் ஏற்கும் என்ற வரம்பை, தாழ்த்தினால், வெறும் இரைச்சலை முதல் அலையாக எண்ணித் தூரத்தைக் குறைத்துக் காட்டத் தொடங்கும். எவ்வளவு தாழ்த்தலாம், எந்த அளவீட்டை எவ்வளவு நம்பலாம் என்று அலைவடிவத்தைக் கொண்டே முடிவுசெய்வதில்தான் எனக்கு இரண்டு ஆண்டுகள் போயின.

கடையில் கிடைக்கும் கருவிகளே பத்து சென்டிமீட்டர் துல்லியம் தருகின்றனவே என்று சிலர் சொல்லக்கூடும். அதை நான் மறுக்கவில்லை. தடையில்லாத அறையில் எனக்கும் அது கிடைத்திருக்கிறது. கருவிகளைக் குறை சொல்வதும் என் நோக்கமன்று. ஆனால் ஆட்களும் இரும்புக் கட்டில்களும் நிறைந்த தாழ்வாரத்தில் அதே துல்லியம் கிடைக்கும் என்று வாதிடுபவர்கள், தயவுசெய்து ஒருமுறை அங்கே அளந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நூறில் தொண்ணூறு அளவீடுகள் எந்தப் பிழைக்குள் அடங்குகின்றன என்று, கதவுக்குப் பின்னால் எடுத்தவற்றையும் சேர்த்து ஆய்வுக் கட்டுரையாக எழுதி அனுப்பினேன். முந்தைய ஆய்வுகளைவிடப் பிழை அதிகம் என்று கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள். ஒப்பிட்டுக் காட்டப்பட்ட ஆய்வுகளோ ஆளில்லாத அறையில் எடுத்த சராசரிப் பிழையை மட்டுமே தந்திருந்தன. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

செய்வதற்கு நிறைய இருக்கிறது. தாராளமாக இந்தத் தலைப்பை எடுங்கள். எடுத்தால், ஒரே நாளில் திரட்டிய தரவை நிரலின் பயிற்சிக்கும் சோதனைக்கும் பங்கிட்டுக்கொள்ளாமல், சோதனைத் தரவைச் சில வாரங்கள் கழித்து, ஆள்நடமாட்டம் உள்ள நேரத்தில், கதவுகள் இருந்தபடியே இருக்க, தனியாகத் திரட்டுங்கள்.