அக்டோபரில் போட்ட ஃப்ளூ ஊசி ஜூன் பயணத்துக்குப் போதுமா?

அக்டோபரில் கனடாவில் ஊசி போட்டாச்சு, ஜூனில் 72 வயது அப்பாவோடு ஆஸ்திரேலியா போகிறோம், மறுபடி போட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

அப்பாவுக்காகக் கட்டாயம் யோசிக்க வேண்டிய விஷயம் இது. கனடா இருக்கும் பூமியின் வடபாதியில் (வடக்கில்) ஃப்ளூ பொதுவாக டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உச்சத்தில் இருக்கும். தென்பாதியில் (தெற்கில்) இருக்கும் ஆஸ்திரேலியாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை. அதாவது, சீசன் சூடுபிடிக்கும் நேரத்தில் போய் இறங்குகிறீர்கள். அக்டோபர் ஊசியின் பாதுகாப்போ அதற்குள் நன்றாகக் குறைந்திருக்கும், வயதானவர்களுக்கு இன்னும் வேகமாக.

ஊசியும் ஒன்றே அல்ல. உலக சுகாதார நிறுவனம் வடக்குக்கு பிப்ரவரியிலும் தெற்குக்கு செப்டம்பரிலும் ஊசியில் சேர்க்க வேண்டிய வைரஸ் ரகங்களைத் தனித்தனியாகப் பரிந்துரைக்கிறது. சில வருடங்களில் இரண்டும் ஒன்றாகவே அமையும், சில வருடங்களில் மாறும். தெற்கு ஊசி வடக்கு நாடுகளில் பெரும்பாலும் கிடைக்காது. (வெப்பமண்டல நாடுகள் தனிக்கதை, அங்கே வருடம் முழுக்கப் பரவும், பல இடங்களில் மழைக்காலத்தில் கூடும்.)

நீங்கள் ஆரோக்கியமாக இருந்தால் அவசரமில்லை. அப்பாவுக்கு மட்டும் இப்போதே மருத்துவரிடம் கேளுங்கள். அங்கே போய்ப் போடுவதென்றால், வேலை செய்யச் சுமார் 2 வாரம் ஆகும். அதுவரை கூட்டத்தில் அவருக்கு முகக்கவசம் போட்டுவிடுங்கள்.