அப்பாவின் கடனை நான் கட்ட வேண்டுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். ஏழு வாரத்துக்கு முன் அப்பா திடீரென மாரடைப்பில் போய்விட்டார். வயது 54. ஒரே தொழிற்சாலையில் 22 வருடம் வேலை பார்த்தவர். உயில் இல்லை. அம்மா வேலைக்குப் போனதில்லை, தம்பிக்கு 16 வயது. அம்மா, அப்பா கல்யாணம் கோயிலில் நடந்தது, பதிவு செய்யவில்லை. அதனால் அம்மாவுக்கு உரிமை கிடையாது, வீட்டை விற்றுவிடலாம் என்கிறார் சித்தப்பா. எனக்கு 26 வயது, கைக்கு 19,000 ராண்ட் வருகிறது. பாண்ட் (வீட்டுக் கடன் தவணை) 6,400, சாப்பாடு 4,500, கரண்ட், தண்ணீர் 2,300, தம்பியின் பள்ளிச் செலவு 1,800. அப்பா பெயரில் மூன்று கடைக் கணக்குகளும் பாக்கி. அவர்கள் எனக்கு போன் செய்கிறார்கள். என் ஓய்வூதியச் சேமிப்பை எடுத்து எல்லாவற்றையும் அடைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். 2024 செப்டம்பரிலிருந்து ஓய்வூதிய நிதியின் சேமிப்புப் பகுதியிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதைச் சம்பளம் போலவே கணக்கிட்டு வரி பிடிப்பார்கள், உங்கள் வருமான அளவுக்கு, எடுக்கும் தொகையில் கால்வாசி வரியிலேயே போய்விடும். அதுவும் நீங்கள் கட்ட வேண்டிய அவசியமே இல்லாத கடனுக்காக.

கடைக் கணக்கு அப்பாவுடையது. நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாலொழிய அது அவர் விட்டுச்சென்ற சொத்தின் பொறுப்பு, பிள்ளைகளின் பொறுப்பல்ல. போன் வந்தால், “அவர் இறந்துவிட்டார், இறப்புச் சான்றிதழ் அனுப்புகிறேன், இந்தக் கணக்கில் கடன் காப்பீடு இருக்கிறதா, எழுத்தில் சொல்லுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். இப்படிப்பட்ட கணக்குகள் பலவற்றில் மாதாமாதம் காப்பீட்டுக்கென்று ஒரு தொகை பிடித்திருப்பார்கள். எங்கள் அப்பா போனபோது ஒரு துணிக்கடைக் கணக்கை எட்டு மாதம் ஒழுங்காகக் கட்டி வந்தோம். காப்பீடு இருந்தது பிறகுதான் தெரிந்தது. கடைக்காரர் வாயே திறக்கவில்லை!

பாண்ட் வேறு விஷயம். அதை நிறுத்தினால் வட்டி ஏறும், வீட்டுக்கே ஆபத்து. அதனால் வங்கிக்கு நேரில் போய், இந்தக் கடனோடு ஆயுள் காப்பீடு இணைத்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் பிரச்சினை பெரும்பாலும் அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் சில மாதத்துக்குத் தவணையைக் குறைக்கச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் கட்டும் ஒவ்வொரு ராண்டுக்கும் ரசீது வையுங்கள், சொத்திலிருந்து பின்னால் கேட்கலாம்.

இப்போது சித்தப்பா. அவர் சொல்வது பழைய கதை. இந்து முறைப்படி மணந்து பதிவு செய்யாத மனைவியும், உயில் இல்லாத வாரிசுரிமையில் மனைவியே என்று 2008-இல் டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பென்ஷன் ஃபண்ட் சட்டமும் மத முறைப்படி மணந்தவரை வாழ்க்கைத் துணையாகவே ஏற்கிறது.

வீடு இருப்பதால் சொத்து 2,50,000 ராண்டைத் தாண்டும். அப்படியானால் மாஸ்டர் அலுவலகம் (இறந்தவர்களின் சொத்துகளைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற அலுவலகம்) ஒரு நிர்வாகியை நியமிக்க வேண்டும். அதற்கு முன் சித்தப்பாவோ நீங்களோ யாரும் வீட்டை விற்க முடியாது. நிர்வாகிக்கான கட்டணம் சொத்து மதிப்பில் 3.5 சதவீதம். அதிலும் பேரம் பேசலாம், பேசுங்கள். உதாரணத்துக்கு, கடன் போக 6,00,000 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 2,00,000. ஆனால் மனைவிக்குக் குறைந்தது 2,50,000 என்பது சட்டம். ஆக அம்மாவுக்கு 2,50,000, உங்களுக்கும் தம்பிக்கும் 1,75,000 வீதம். தம்பி மைனர் என்பதால் அவன் பங்கு பணமாக வந்தால் மைனர்களின் பணத்தைப் பாதுகாக்கும் அரசு நிதியான கார்டியன்ஸ் ஃபண்டுக்குப் போகும். பள்ளிச் செலவுக்கு அதிலிருந்து கேட்டு வாங்கலாம்.

எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அந்த 22 வருடம்தான். தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில், பென்ஷன் ஃபண்டும் அதோடு சேர்ந்த குழு ஆயுள் காப்பீடும் எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். ஃபண்ட் பணம் பொதுவாகச் சொத்துக் கணக்கில் சேராது, கடைக்காரர் கைவைக்க முடியாது. யாருக்கு எவ்வளவு என்பதை ஃபண்டின் அறங்காவலர்கள் முடிவு செய்வார்கள். படிவத்தில் அப்பா யார் பெயரை எழுதியிருந்தாலும், உண்மையில் அவரை நம்பி வாழ்ந்தவர்கள் யார் என்றே பார்ப்பார்கள். இதற்கு ஒரு வருடம்கூட ஆகலாம், பொறுமை வேண்டும். மொத்தமாக வாங்கினால் முதல் 5,50,000 ராண்டுக்கு வரி இல்லை, அப்பா முன்பே எதுவும் எடுக்காமல் இருந்திருந்தால். அம்மாவுக்கு வருவதில் ஒரு பகுதியையாவது மாத வருமானமாக மாற்றச் சொல்வேன். துக்க வீட்டில் மொத்தப் பணம் வந்தது தெரிந்தால் தொழில் யோசனையோடு வரும் சொந்தக்காரர்களுக்குப் பஞ்சமே இருக்காது.

அப்புறம் யூஐஎஃப், அதாவது அரசின் வேலையின்மைக் காப்பீட்டு நிதி. அப்பா சம்பளத்தில் அதற்குப் பிடித்திருப்பார்கள். அம்மா 18 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

அதுவரை? நீங்கள் எழுதிய செலவு மட்டுமே 15,000. உங்களுக்கு மிஞ்சுவது 4,000, பஸ்ஸுக்கும் போனுக்கும் சரியாகப் போய்விடும். ஆறு மாதத்துக்கு மேல் இதைத் தாங்க முடியாது என்று அம்மாவிடம் இப்போதே சொல்லுங்கள், சங்கடமாக இருந்தாலும் பரவாயில்லை. வீட்டுக்குப் பின்னால் அவுட்பில்டிங் (தனிக் கட்டடம்) இருந்தால் வாடகைக்கு விடுங்கள்.

இந்த வாரமே அம்மாவோடு உட்கார்ந்து கல்யாண ஆல்பம், பத்திரிகை, உங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். தாலி கட்டியதைப் பார்த்த பெரியவர் இரண்டு பேரிடம் பிரமாணப் பத்திரமும் வாங்குங்கள். சித்தப்பாவும் அந்தக் கல்யாணத்தில் இருந்திருப்பார் அல்லவா, முதல் கையெழுத்தை அவரிடமே கேட்டுப் பாருங்கள்.