கிரியோன் எங்கே வளைகிறான்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வாசிப்புக் குழுவில் சென்ற மாதம் சோஃபக்ளிஸின் 'ஆன்டிகனி' என்ற பழைய கிரேக்க நாடகத்தை எடுத்துக்கொண்டோம். கிரியோனைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். பாதிப் பேர் 'கொடுங்கோலன்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆன்டிகனியின் சகோதரர்கள் இருவரும் ஒருவரையொருவர் கொன்று, போர் ஓய்ந்த கையோடு பதவிக்கு வந்தவன் அவன். அவர்களில் தீப்ஸ் நகரத்தின்மேல் படையெடுத்து வந்த பாலினீசஸுக்கு அடக்கம் கிடையாது என்று ஆணையிடுகிறான். சகோதரி மகள் ஆன்டிகனியே அதை மீறியபோதும், அவள் தன் மகனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணாக இருந்தும், சட்டத்தைத் தளர்த்தவில்லை. அந்த உறுதிதான் அவனை அழித்தது என்று நான் வாதாடினேன். ஆட்சியில் இருப்பவனுக்கு உறுதி ஒரு குற்றமா? உங்கள் கருத்து என்ன?

ம.

அன்புள்ள ம.,

கொடுங்கோலன் என்று முடித்துவிடாமல் நின்று யோசித்தீர்களே, அதில் நான் உங்கள் பக்கம். நாடகத்தில் ஆன்டிகனியைவிட அதிகம் பேசுவது கிரியோன்தான். அவளைத் தண்டனையாகக் குகைக்கு அனுப்பிய பிறகும் கணிசமான நாடகம் மிச்சமிருக்கிறது, அது முழுக்க அவனுடையது. அவன் பேசுவதும் பிதற்றல் அல்ல. பதவியேற்றதும் ஊர் முதியவர்களிடம் ஆற்றும் உரையில், ஆட்சியில் அமர்த்திப் பார்க்கும்வரை ஒருவனின் மனம் தெரியாது, நாட்டைவிட நண்பனைப் பெரிதாக நினைப்பவன் ஒன்றுக்கும் உதவாதவன் என்கிறான். நாடகம் வந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, கிமு 343-ல், பேச்சாளர் டெமோஸ்தனீஸ் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் தன் எதிரி எஸ்கினஸை மடக்க இதே உரையை வாசிக்கவைத்தார். எஸ்கினஸ் முன்பு நடிகர், கிரியோன் வேடம் கட்டியவர். மேடையில் பேசிய வசனத்தைத் தூதனாகப் போன இடத்தில் காற்றில் விட்டுவிட்டார் என்பது குற்றச்சாட்டு. கொடுங்கோலன் பேச்சு என்று ஊர் ஒதுக்கியிருந்தால் அந்த வாதம் எடுபடுமா?

ஆணையும் வானத்திலிருந்து குதித்ததல்ல. துரோகியை நாட்டு மண்ணில் புதைக்கக் கூடாது என்பது ஏதென்ஸிலும் இருந்த சட்டம்தான். எல்லைக்கு வெளியே தூக்கிப் போட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. கிரியோன் உடலைத் தன் மண்ணிலேயே போட்டு, நாயும் பறவையும் தின்னட்டும் என்று காவலும் வைக்கிறான்.

ஆனால் உறுதி என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. கிரியோன் உறுதியானவனே இல்லை. நாடகம் நெடுக மாறிக்கொண்டே இருக்கிறான். எப்போது மாறுகிறான் என்று பார்த்தால் ஆளைப் பிடித்துவிடலாம்.

கிரியோனின் மகன் ஹீமோன் வரும் காட்சியை எடுங்கள். பையன் பணிவாகத்தான் ஆரம்பிக்கிறான். அப்புறம் மெல்லச் சொல்கிறான்: உங்கள் முகத்துக்குப் பயந்து ஊரார் வாய் திறப்பதில்லை, ஆனால் இருட்டில் அந்தப் பெண்ணுக்காக அழுகிறார்கள். வெள்ளத்துக்கு வளையும் மரம் கிளையோடு பிழைக்கும், எதிர்த்து நிற்பது வேரோடு போகும் என்றும் சொல்லிப் பார்க்கிறான். கிரியோன் இந்த வயதில் இந்தச் சிறுவனிடம் பாடம் கேட்பதா என்று பொங்குகிறான். ஒரே ஆளுக்குச் சொந்தமானது ஊரே இல்லை என்கிறான் மகன். கடைசியில், அவளை இழுத்து வாருங்கள், இவன் கண்ணெதிரிலேயே சாகட்டும் என்று தந்தை கத்த, மகன் ஓடிப்போகிறான்.

மகன் போனதும் முதியவர்களின் தலைவர் ஒரு சின்னக் கேள்வி கேட்கிறார்: இரண்டு பெண்களையுமா கொல்லப் போகிறாய்? ஆன்டிகனியின் தங்கை இஸ்மேனேக்கும் சேர்த்துத்தான் தண்டனை சொல்லியிருந்தான். உடனே, நல்லது சொன்னீர்கள், பிணத்தைத் தொடாதவளை விட்டுவிடுகிறேன் என்கிறான். அதோடு நிற்கவில்லை. ஆணையை மீறினால் ஊர் நடுவே கல்லால் அடித்துக் கொலை என்றுதான் ஆன்டிகனி தொடக்கத்திலேயே தங்கையிடம் சொல்லியிருக்கிறாள். இப்போது அது, ஆளில்லாத இடத்தில், கொஞ்சம் உணவோடு, பாறைக் குகையில் உயிரோடு அடைப்பது என்று ஆகிவிடுகிறது. கல்லெறிய ஊர்க்காரர்களின் கை வேண்டும். அந்த ஊர் அவளுக்காக அழுகிறது என்று மகன் சொல்லிவிட்டுப் போய் ஒரு நிமிடம் ஆகவில்லை.

அதாவது மகன் சொன்னது காதில் ஏறியிருக்கிறது. ஏறியதை மகன் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

குறிசொல்லி டைரீசியஸ் வரும் காட்சியும் இதே அச்சு. கண் தெரியாத கிழவர் வந்து, பலிபீடங்களில் அந்தப் பிணத்தின் சதை கிடக்கிறது, வேள்வித் தீ பற்றவில்லை என்கிறார். கிரியோன், ஜீயஸின் கழுகுகளே அதைச் சிம்மாசனம்வரை தூக்கிப் போனாலும் புதைக்க விடமாட்டேன் என்கிறான். எவ்வளவு வாங்கினாய் என்றும் கேட்கிறான். பிணத்துக்கு யாரோ மண் தூவிவிட்டார்கள் என்று முதலில் செய்தி கொண்டுவந்த காவலனிடமும் இதே சந்தேகம்தான். பணம் வாங்காமல் யாரும் எதையும் செய்வார்கள் என்று அவனால் நினைக்கவே முடியவில்லை. ஆன்டிகனி எதிரே வந்து, ஆமாம் நான்தான் செய்தேன் என்று நிற்கும்போது மட்டும் அந்தக் கணக்கு உதவவில்லை. அங்கே வேறு பயம் வருகிறது: இவளை விட்டால் நான் ஆண் இல்லை, இவள்தான் ஆண். சரி, கிழவர் சாபம்போல ஒன்றைச் சொல்லிவிட்டு வெளியேறுகிறார். அவர் தலை மறைந்ததும், என்ன செய்யட்டும் சொல்லுங்கள், கேட்கிறேன் என்று முதியவர்களிடம் நிற்கிறான்.

அவர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள்: முதலில் பெண்ணைக் குகையிலிருந்து விடு, பிறகு கிடப்பவனுக்குக் கல்லறை எழுப்பு. நான்தான் அடைத்தேன், நானே போய்த் திறக்கிறேன் என்று கிளம்பியவன் வரிசையை மாற்றிவிடுகிறான். நாய் குதறிய உடலைக் கழுவி, பச்சைக் கிளைகளை வைத்து எரித்து, மண்ணைக் குவித்து மேடு எழுப்பி, அதற்குப் பிறகே குகைக்குப் போகிறான். அவள் அதற்குள் தூக்கில் தொங்கிவிட்டாள். ஹீமோன் அப்பா முகத்தில் துப்பி, வாளை வீசி, அது தவறியதும் தன்மேலேயே பாய்ச்சிக்கொள்கிறான்.

ஏன் முதலில் பிணம்? தெய்வங்களைச் சமாதானப்படுத்தத்தான் என்று விளக்கலாம். தவறில்லை. ஆனால் இதுவரை பார்த்த ஆளை வைத்து நான் ஊகிப்பது வேறு. பிணத்தின் முன் தோற்றால் அது பார்க்காது. குகையைத் திறந்தால் ஆன்டிகனி நிமிர்ந்து பார்ப்பாள்.

நீங்கள் மனதில் வைத்திருக்கும் கிரியோன், வேண்டாவெறுப்பாகக் கடமையைச் செய்யும் களைத்த மனிதன், பிரெஞ்சு நாடகாசிரியர் ழான் அனூயியின் 'ஆன்டிகனி'யில் கிடைப்பான். ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த பாரிஸில் 1944-ல் அரங்கேறியது அது. இரண்டு நியாயங்களின் மோதல் என்ற ஜெர்மன் தத்துவவாதி ஹெகலின் வாசிப்பும் உங்களுக்குத் துணை வரும். எனக்கு அது கிரியோனுக்குக் கொஞ்சம் அதிக மரியாதை கொடுப்பதாகப் படுகிறது. ஆணைக்கு ஒரு நியாயம் இருந்தது. ஆனால் பாதி நாடகத்துக்கு மேல் அவன் காப்பாற்றிக்கொண்டிருப்பது ஆணையை அல்ல.

பரிதாபம் வருகிறதா என்றால், கட்டாயம் வருகிறது. மகன் செத்த செய்தி கேட்ட கிரியோனின் மனைவி யூரிடிஸ் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய், கணவனைச் சபித்தபடி உயிரை விடுகிறாள். அப்போது கிரியோன், குற்றம் என்னுடையது, வேறு யார்மேலும் போட முடியாது என்று எல்லார் முன்னிலையிலும் சொல்கிறான்.

அடுத்த முறை குழுவில் இதை எடுத்தால் ஹீமோன் காட்சியை இரண்டு பேராக உரக்க வாசித்துவிட்டு, "இரண்டு பெண்களையுமா?" என்ற கேள்வியில் கொஞ்சம் நிறுத்துங்கள். கொடுங்கோலன் கட்சிக்காரர்கள் அந்த இடத்துக்கு என்ன சொல்கிறார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.